கேட்டதற்கு மட்டும்

2022 ஒக்டோபர் 14, வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி இருபது நிமிடம். வானம் முழுக்க மேகம், மழை இல்லை, காற்று அடியோடு நின்றிருந்தது. திருகோணமலை உட்துறைமுகத்துப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையின், ஒடுங்கிய தெருவின், முகப்பில் வீட்டுத் தரகர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். நான் சட்டைப்பையில் இருந்து மடித்த தாளை எடுத்தேன். அதில் நான் பார்க்க வந்த வீட்டைப் பற்றி முப்பத்தொரு கேள்விகள் எழுதியிருந்தேன்.

"எல்லாத்துக்கும் பதில் சொல்லுவியளோ?"

"ஓம் ஐயா. கேளுங்கோ."

முப்பத்தொன்றுக்கும் பதில் சொன்னார். அவற்றில் ஒன்றுகூடப் பொய்யில்லை. இதை எந்த இடத்திலும் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன். என் கஷ்டமெல்லாம் அந்த உண்மைகளில்தான் தொடங்கியது.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று அவரிடம் நான் கேட்டதில்லை. ஒழுங்கையில் எல்லோரும் தரகர் என்றே சொன்னார்கள். அறுபதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. ஒழுங்கைக்குள் ஒருநாளும் சைக்கிளை ஓட்டமாட்டார், உருட்டிக்கொண்டே வருவார். யாராவது ஏதாவது கேட்டால் பெருவிரலால் மணியின் மூடியைத் தேய்ப்பார். அடிக்கமாட்டார், தேய்ப்பார். சாதாரணக் கேள்விக்கு இரண்டு தேய்ப்பு, சிக்கலான கேள்விக்கு ஐந்து. பிறகு பதில் வரும். கேட்ட கேள்வியின் அகலம் எவ்வளவோ, பதிலின் அகலமும் அவ்வளவுதான். நூல் பிடித்து வெட்டியது போல.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். நான் துறைமுகத்தில் முப்பத்துமூன்று வருடம் மூட்டை எண்ணியவன். கோதுமை, சீனி, சீமெந்து. ஒவ்வொரு தூக்குக்கும் ஒரு கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே. ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு மூட்டை இல்லாததால் மற்றதையெல்லாம் எண்ணத் தொடங்கிவிட்டேன் என்று மனைவி சொல்லுவாள். அவள் போன பிறகு எனக்கு மிஞ்சியவை நாற்பத்தேழாயிரம் ரூபா ஓய்வூதியமும் ஒரு மிருதங்கமும்.

மிருதங்கம்தான் பிரச்சினை. நான் வித்துவான் அல்ல. கோயில் பஜனைக்கும் பள்ளிக்கூட விழாவுக்கும் வாசித்தவன். ஆனால் காலை ஒரு மணி நேரமும் மாலை ஒரு மணி நேரமும் வாசிக்காவிட்டால் எனக்கு நெஞ்சு படபடக்கும், சோறு இறங்காது. இதனால் இரண்டு வருடத்தில் இரண்டு வீடு மாறினேன். மூன்றாவது வீட்டுக்காரியின் மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தாள்.

"ஐயா, ஒண்டில் மேளத்தை விடுங்கோ, இல்லாட்டி வீட்டை விடுங்கோ," என்றார் அந்த அம்மா. "மாசக் கடைசி வரைக்கும் பாப்பன்."

"அது மேளமில்லைப் பிள்ளை. மிருதங்கம்."

"எதெண்டாலும் அவளுக்கு மண்டைக்குள்ளதான் கேக்குது."

அன்று ஒக்டோபர் மூன்று. எனக்கு இருந்தது இருபத்தெட்டு நாள். சத்தத்தைப் பொறுக்கும் வீடு வேண்டும், ஓய்வூதியம் தாங்கும் வீடு வேண்டும். இரண்டும் சேர்ந்து ஓரிடத்தில் இல்லை. ஒன்பது வீடு பார்த்தேன். உப்புவெளியில் வெள்ளைக்காரர் வரும் காலத்துக் கணக்கில் வாடகை கேட்டார்கள். கப்பல்துறையில் வாடகை மலிவு. ஆனால் ஒட்டிய சுவருக்கு அப்பால் பிறந்து பன்னிரண்டு நாளான குழந்தை. கடைசியில் தேநீர்க் கடையில் ஒருவர் சொன்னார்: "உங்களுக்கெண்டு ஒரு ஒழுங்கை கிடக்கு. அங்க இருக்கிற எல்லாரும் சத்தக்காரர்தான். தரகரைப் பிடியுங்கோ."

அவர் சொன்னது சரி. முகப்பில் இருந்து நடக்கும்போதே எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஐந்தாம் வீட்டில், எல்லோரும் நானா என்று அழைத்த கிண்ணியா முஸ்லிம் பெரியவர் ஒருவர் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டி றபான் என்ற கைமேளம் செய்துகொண்டிருந்தார். தட்டித் தட்டிக் காதை வைத்துப் பார்த்தார். இன்னொரு வீட்டுக்குள் யாரோ வயலினில் ஒரே வரியைப் பதினொரு தரம் வாசித்தார்கள். மரம் செதுக்கும் வாசனை வந்தது. ஒன்பதாம் வீட்டில் பெயர்ப்பலகை எழுதும் இளம்பெண் இருந்தாள். ஒழுங்கை முழுக்க அவள் கைவண்ணம். ஒவ்வொரு வீட்டு முன்சுவரிலும் சிவப்பில் ஓர் இலக்கம். அதைச் சுற்றி ஒரு படம். மூன்று, ஒரு மீனின் வயிற்றுக்குள் கிடந்தது. எட்டு, ஆந்தையின் இரு கண்ணாகியிருந்தது. எனக்குக் காட்டவிருந்த பதினோராம் வீட்டில் இரண்டு ஒன்றும் ஒரு கொக்கின் கால்கள்.

எண்ணினேன். ஒன்றில் இருந்து பதினேழு வரை, ஒன்றும் விடுபடவில்லை. ஒழுங்காக இலக்கமிட்ட ஒழுங்கையை வாழ்நாளில் அன்றுதான் கண்டேன்.

"யார் கீறினது?" என்று கேட்டேன்.

இரண்டு தேய்ப்பு. "சுத்தி இருக்கிற படம் ஒன்பதாம் வீட்டுப் பிள்ளை."

"நல்ல வடிவாய்க் கிடக்கு."

"ஓம்."

வீட்டுக்குள் போனோம். கூரை எத்தனை இடத்தில் ஒழுகும் என்று கேட்டேன். நாலு என்றார். பிறகு மழையில் எண்ணிப் பார்த்தேன், நாலுதான். கிணற்றுத் தண்ணீர் உவர்க்குமா என்றேன். சித்திரையில் கொஞ்சம் என்றார். பட்டணத்துத் தெருக்களில் திரியும் மான்கள் இங்கேயும் வருமா, எத்தனை வரும் என்றேன். ஆறேழு என்றார். பின்னறையின் நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நின்றது. சுற்றிவரச் சீமெந்து இட்டிருந்தார்கள். கல்லின் தலையில் கூட்டல் குறிபோல் வெட்டியிருந்தது.

"இந்தக் கல் ஆடுமோ?"

"ஆடாது."

"கழட்ட ஏலுமோ?"

"ஏலாது."

மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில் பூசும் ரவைக் கிண்ணத்தை வைக்க நல்ல உயரம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த அறையில் கையால் தரையைத் தட்டிப் பார்த்தேன். சத்தம் நன்றாக நின்றது.

வாடகை பன்னிரண்டாயிரம், இரண்டு வருடம் முற்பணம். இரண்டு லட்சத்து எண்பத்தெண்ணாயிரம். என் சேமிப்பில் பெரும்பகுதி. பத்தாயிரத்துக்கு வீட்டுக்காரர் விடுவாரா என்று கேட்டேன். யாருக்கும் தொலைபேசி எடுக்காமல், "விடமாட்டார்," என்றார். உங்களுக்குத் தரகுக்காசு எவ்வளவு என்று கேட்டேன். "வேண்டாம்," என்றார். ஒரு மாத வாடகை மிச்சம் என்ற சந்தோசத்தில் அடுத்து வந்திருக்க வேண்டிய கேள்வி என் வாயில் வரவில்லை. இருபத்தாறாம் திகதி குடிபோனேன். முதல் நாள் மாலை நான் வாசித்தபோது ஐந்தாம் வீட்டில் இருந்து றபான் அடித்துப் பதில் வந்தது. அன்று இரண்டு மணி நேரம் வாசித்தேன். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

அவருடைய குணத்தை மெல்ல மெல்லத்தான் அறிந்தேன். ஒருநாள் துறைமுகத்துத் தேநீர்க் கடையில் ஒருவர் அவசரமாக வந்து, "அண்ணே, ஈச்சிலம்பற்று பஸ் போயிட்டுதோ?" என்று கேட்டார். "போகேல்லை," என்றார் தரகர். அந்த மனிதர் வாங்குப் பலகையில் குந்தி ஒரு மணி பத்து நிமிடம் காத்திருந்தார். பிறகுதான் அன்று அந்த பஸ் ஓடவே இல்லை என்று தெரிந்தது. டீசல் இல்லை. அவர் தரகரைத் திட்டினார். தரகர் அவருக்கு ஒரு தேநீரும் இரண்டு வடையும் வாங்கிக் கொடுத்து, கண்டி வீதி வரைக்கும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் வேறு வண்டி பிடித்து ஏற்றிவிட்டார்.

"அவர்ட்ட கதைக்கிறதுக்கு ஒரு வழி இரிக்கி ஐயா," என்றார் றபான் நானா. "பெரிய கேள்வி கேக்கப்படாது. ஒரே கேள்விய நாளாந்தம் கேக்கணும்."

நானா அப்படித்தான் செய்தார். தரகர் மாலையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஐந்தாம் வீட்டைக் கடக்கும்போது நானா தோலில் இருந்து கண்ணை எடுக்காமல் கேட்பார்: "நாளைக்கி யாரும் வாராங்களா?" தரகர், "இல்லை," என்பார். இருவரும் தலையசைத்துக்கொள்வார்கள். இது நான் போன நாளில் இருந்து ஒவ்வொரு மாலையும் நடந்தது. யார் வருவது, ஏன் வருவது என்று நான் கேட்கவில்லை. தோல் வாங்குபவர் யாரோ என்று நினைத்தேன்.

பெப்ரவரியில் ஒரு காலை ஒன்பதாம் வீட்டுப் பிள்ளை என் சுவரில் கொக்குக்குப் புது வெள்ளை பூசிக்கொண்டு நின்றாள். சிறகு, கழுத்து, அலகு எல்லாம் பூசினாள். கால்களை மட்டும் தொடவில்லை.

"இலக்கமும் மங்கிப் போச்சுப் பிள்ளை. அதையும் ஒருக்கா சிவப்படிச்சு விடன்."

அவள் தூரிகையை நிறுத்தினாள். "அது நான் எழுதினதில்லை ஐயா. இடிக்கிறதுக்கு அவங்கள் போட்ட நம்பர். மங்கினா நல்லதுதானே."

"என்னத்தை இடிக்கிறதுக்கு?"

"ஒழுங்கையை. றோட்டுப் போடவெண்டு. உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். நானா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நாங்க எல்லாம் இங்க இரிக்கிறதே அந்த நம்பராலதான் ஐயா," என்று ஆறுதல் போலச் சொன்னார். "அது இல்லாட்டி இந்த வாடகைக்கு எவன் வீடு தருவான்? புள்ளகுட்டிக்காரன் ஒருத்தனும் வரமாட்டான். வெடிச்ச சுவர்ல படம் கீறுறதுக்கும் ஒருத்தனும் ஏசமாட்டான்."

தேநீர்க் கடையில் தரகரைப் பிடித்தேன். கடையில் ஆறு பேர் இருந்தார்கள்.

"இடிக்கப் போறாங்கள் எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

ஐந்து தேய்ப்பு. "நீங்கள் கேக்கேல்லை ஐயா."

"முப்பத்தொரு கேள்வி கேட்டனான்."

"ஓம். அதுகளுக்குள்ள அது இல்லை."

ஒருவர் சிரித்தார். நான் பேனையை எடுத்தேன். "வீட்டுக்காரற்ற நம்பரைத் தாங்கோ. நான் அவரோட கதைக்கிறன்." அவர் எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் தாளில் எழுதினேன். ஏழாவது எண் வந்தபோது பேனை நின்றது. அந்த எண் எனக்கு மனப்பாடம். குடிபோக முன் பத்தொன்பது தரம் அழைத்த எண்.

"நீங்களோ வீட்டுக்காரர்?"

"ஓம்."

"காசைத் திருப்பித் தருவியளோ?"

"தருவன்."

"எப்ப?"

"இண்டைக்கெண்டாலும்."

காசை வாங்கிக்கொண்டு எங்கே போவது? இரண்டாயிரத்து இருபத்துமூன்றில் திருகோணமலையில் பன்னிரண்டாயிரத்துக்கு மிருதங்கத்தோடு ஒரு கிழவனை எவர் ஏற்பார்? கதிரையில் இருந்துகொண்டேன். எனக்குத் தேநீர் சொன்னார். எப்போது இடிப்பார்கள் என்று கேட்டேன்.

"தெரியாது ஐயா. நம்பர் போட்டு ஒன்பது வருஷம்."

இருந்துவிட்டேன். ஆனால் அதன்பின் இருந்த இருப்பு வேறு. ஒழுங்கைக்குள் ஒரு வாகனம் திரும்பும் சத்தம் கேட்டால் கை தோலிலேயே நின்றுவிடும். ஒரு வாரத்தில் பதினான்கு வாகனங்கள் வந்தன. முச்சக்கரவண்டி ஒன்பது, மீன் லொறி மூன்று, தண்ணீர்ப் பவுசர் ஒன்று, வழி தவறி வந்த வேன் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் என் தாளம் ஒருமுறை அறுந்தது. மாலையில் நானாவின் கேள்விக்குப் பதில் வரும்வரை நானும் யன்னலில் நின்றேன்.

ஏன் இப்படி என்று ஒருநாள் அவரிடமே கேட்டேன். நன்றாக யோசித்து, வேறு எதுவும் உள்ளே நுழையாத கேள்வியாகக் கேட்டேன்: "கேட்டதுக்கு மேல ஒரு சொல்லும் சொல்லாமல் இருக்க என்னெண்டு பழகினீங்கள்?"

எட்டுத் தேய்ப்பு. அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு தேய்த்ததை நான் கண்டதில்லை. "ஒருக்கா கூடுதலாச் சொன்னனான் ஐயா," என்றார். பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

மிச்சத்தை நானா சொன்னார். சண்டைக் காலத்தில் ஒரு சோதனைச் சாவடியில் எங்கே இருந்து வருகிறாய் என்று கேட்டார்களாம். அவர் ஊரைச் சொன்னாராம், கூட வந்தது யார் என்பதையும் சொன்னாராம். கூட வந்தவர் அவருடைய மச்சான். அவ்வளவுதான் நானாவுக்கும் தெரியும். அதைக் கேட்ட பிறகு என் கோபம் குறைந்தது. ஆனால் பயம் குறையவில்லை. இந்த மனிதரிடம் இன்னும் எத்தனை விசயங்கள் நான் கேட்காமல் கிடக்கின்றனவோ என்று அவரைக் காணும்போதெல்லாம் எண்ணிப் பார்ப்பேன்.

ஓகஸ்ட் பதினாறாம் திகதி மாலை. நானா வழக்கம்போல் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "நாளைக்கி யாரும் வாராங்களா?"

"வருவினம்."

றபான் நானாவின் மடியில் இருந்து உருண்டு விழுந்தது. ஒன்பதாம் வீட்டுப் பிள்ளை ஓடி வந்தாள். நான் செருப்பைப் போடாமலே இறங்கினேன்.

"இடிக்கவோ?" என்று நான் கேட்டேன்.

"இல்லை ஐயா. விடுவிக்க. றோட்டு வேற பக்கம் போகுதாம். வீடு வீடாய்ப் பாத்து நம்பரை அழிப்பினம்."

பிள்ளை கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எத்தனை மணிக்கு, எத்தனை பேர், என்ன வாகனம் என்று கேட்டேன். பத்து மணி, மூன்று பேர், ஜீப். வீடு வீடாக எதைப் பார்ப்பார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. சந்தோசம் வந்தால் எனக்குக் கேள்விகள் குறைந்துவிடும். இது என் பெரிய குறை.

நானா போகும்போது என் தோளைத் தொட்டார். "ஐயா, நாளைக்கி நீங்களும் தரகர் மாதிரி இரிங்க. கேட்டதுக்கு மட்டும்."

"எனக்குத் தெரியாதோ நானா?"

மறுநாள் வியாழக்கிழமை. கச்சான் காற்று நெருப்பாய் அடித்தது. பத்து மணி பத்து நிமிடத்துக்கு ஜீப் வந்தது. கோப்போடு ஓர் அலுவலர், அளவு நாடாவோடு இருவர். ஒரு வீட்டுக்கு ஏழு எட்டு நிமிடம் எடுத்தார்கள். காணி உறுதிப் பத்திரத்தைப் பார்த்தார்கள், முன் பக்கத்தை அளந்தார்கள், கோப்பில் எழுதினார்கள், அடுத்த வீட்டுக்குப் போனார்கள். பத்து வீடு முடிந்து பதினோராம் வீட்டுக்கு வரும்போது அலுவலரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சப்பாத்தைக் கழற்ற மனமில்லாமல் வாசலிலேயே நின்றார். தரகர் உறுதியைக் கையில் பிடித்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் நின்றார்.

"உறுதி இருக்கா?"

"இருக்கு," என்றார் தரகர்.

"வீடு எப்ப கட்டினது?"

"எழுபத்தெட்டில."

அலுவலர் எழுதிக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் வேட்டி கட்டி, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டு நின்றேன். மரியாதைக்காக என்னிடமும் ஒன்று கேட்கலாம் என்று நினைத்திருப்பார். "ஐயா, எத்தனை அறை?"

மூன்று. அந்த ஒரு சொல் போதும். அதைச் சொன்னேன். அவர் எழுதினார். கோப்பை மூடினார். மூடியதும் எனக்குப் பொறுக்கவில்லை. முப்பத்துமூன்று வருடம் கப்பல் அதிகாரிகளுக்குக் கணக்குச் சொன்னவனிடம் மூன்று என்ற ஒரே சொல்லோடு போகிறாரே என்று இருந்தது.

"முன்னறை பதினொண்டுக்குப் பத்து," என்றேன். "நடுவறை பத்துக்குப் பத்து. பின்னறைதான் நல்லது. பன்னிரண்டடி நீளம், ஒன்பதேகால் அகலம். நடுவில ஒரு கல் நிக்குது. கல்லில இருந்து பின்சுவருக்கு நாலடி மூண்டங்குலம்."

தரகரின் பெருவிரல் உறுதியின் ஓரத்தைத் தேய்ப்பதைக் கண்டேன். சைக்கிள் அங்கே இல்லை.

"என்ன கல்?" என்றார் அலுவலர்.

"தலையில கூட்டல் போல வெட்டியிருக்கு."

அவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்.

அது எல்லைக்கல். காணி அந்தக் கல்லோடு முடிகிறது. அதற்கு அப்பால் இருந்த நாலடி மூன்றங்குலம் துறைமுகத்துக்கான ஒதுக்கு நிலம். பின்சுவர் அதில் நின்றது. நாடாவைப் பிடித்தார்கள். நாலடி மூன்றங்குலம், ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன்: அவர்களுடைய நாடா என் அளவோடு ஒத்துப்போனபோது ஒரு கணம் எனக்குப் பெருமையாக இருந்தது. அதன் பிறகுதான் தரகரின் முகத்தைப் பார்த்தேன்.

"முப்பது நாள் தாறன்," என்றார் அலுவலர் அவரிடம். குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. "சுவரைக் கல்லுக்கு உள்ளுக்கு எடுங்கோ. தண்டம் கட்டவேணும். இல்லாட்டி முழு வீட்டையும் பூட்டவேண்டி வரும். விளங்குதோ?"

"விளங்குது."

பதினாறு வீட்டு இலக்கங்களையும் அன்றே வெள்ளை அடித்து அழித்தார்கள். பதினோராம் வீட்டில் மட்டும் கொக்கு சிவப்புக் காலோடு நின்றது.

அவர் என்னை ஒரு சொல் ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். ஏசவில்லை. அது எல்லைக்கல் என்பதை ஏன் எனக்கு முன்பே சொல்லவில்லை என்று நான் சண்டை பிடிக்கவும் வழியில்லை. அந்தக் கல்லைத் தொட்டுக் காட்டி இரண்டு கேள்வி கேட்டவன் நான்தான். நாலாம் நாள் இரண்டு மேசன்மாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கூரைத் தகட்டை வெட்டினார்கள், சுவரை உடைத்தார்கள், கல்லுக்கு உள்ளே புதுச்சுவர் எழுப்பினார்கள். அவரே சீமெந்து குழைத்தார். உடைத்ததில் நானூற்றுப் பன்னிரண்டு செங்கல் முழுசாகத் தேறின. நான்தான் எண்ணி அடுக்கினேன். வேறு என்ன செய்ய முடியும்? எல்லாவற்றுக்கும் எவ்வளவு போகிறது என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அவர் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டால் அது என் காதில் கிடக்கும். இருபத்தாறாம் நாள் வேலை முடிந்தது. என் மிருதங்க அறை ஐந்தடி அகலமானது. கால் நீட்டினால் சுவரில் முட்டும். சத்தம் மட்டும் முன்பைவிட நன்றாக நின்றது. அதை அவருக்குச் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

பிறகு நடந்ததை நாங்கள் ஒருவரும் கணக்கில் எடுத்திருக்கவில்லை. இலக்கம் அழிந்த வீடு விலையுள்ள வீடு. கொழும்பிலும் கனடாவிலும் இருந்த சொந்தக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தொலைபேசி எடுத்தார்கள். ஐந்தாம் வீடு பதினோராயிரத்தில் இருந்து முப்பதாயிரம். நானா தோல்களைச் சுருட்டி முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு கிண்ணியாவுக்குப் போனார். "சுவர் இடியாமத் தப்பிச்சி, வீடு வேற ஆளுக்குப் போயிட்டு," என்றார். ஒன்பதாம் வீட்டுப் பிள்ளை கப்பல்துறையில் ஒரு கொட்டில் எடுத்தாள். அவள் போன பிறகு மூன்றாம் வீட்டு மீனின் வயிற்றில் வெள்ளைச் சதுரம் மட்டும் கிடந்தது. அதில் இப்போது ஒரு விருந்தினர் விடுதியின் பெயர். பதினேழு வீட்டில் சத்தம் வரும் வீடுகள் நாலு. அவற்றில் ஒன்று என்னுடையது.

தரகரும் போய்விட்டார். ஈச்சிலம்பற்றில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று தேநீர்க் கடையில்தான் அறிந்தேன். அவர் மட்டும் வாடகையைக் கூட்டவில்லை. கூட்டுவாரா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. செலவைக் கேட்கப் போனால் வாடகையும் பேச்சில் வந்துவிடுமே என்ற பயம். அப்படியே மூன்று மாதம் பதினாறு நாள் தள்ளிப்போட்டேன்.

தைப்பொங்கல் முடிந்து ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினேன். கிண்ணியாப் பாலம், மூதூர், வெருகல் வீதி. இரண்டு பக்கமும் குடலைப் பருவ வயல். மகள் வாசலில் கதிரை போட்டாள். அவர் எதிரில் இருந்தார். மெலிந்திருந்தார்.

"எப்பிடி இருக்கிறியள்?"

"இருக்கிறன்."

மகள் தேநீர் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள்.

"என்னில கோபமோ?" என்று கேட்டேன்.

கதிரைக் கையை ஐந்து முறை தேய்த்தார். "ஓம்."

அந்தப் பதிலுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் போலிருந்தது. பிறகு கேட்பது இலேசாகிவிட்டது.

"சுவர், கூரை, தண்டம், கூலி, எல்லாமாய் எவ்வளவு போச்சு?"

"ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூறு."

"நான் தந்தால் வாங்குவியளோ?"

"வாங்குவன்."

வாடகையைக் கேட்க வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். நான் பஸ்ஸுக்கு எழும்பும்வரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்றுவரைக்கும் கேட்கவில்லை. முற்பணம் முடிந்த மாதத்தில் இருந்து பன்னிரண்டாயிரத்தை அவருடைய வங்கிக் கணக்கில் போட்டு வருகிறேன். அங்கே இருந்தும் ஒரு சொல் வரவில்லை.

வங்கியில் கிடந்த நிரந்தர வைப்பை உடைத்து, அங்கே போய் வந்த ஒன்பதாம் நாள் காசோடு திரும்பவும் போனேன். உறையை வாங்கி, திறக்காமல், சட்டைப்பையில் வைத்தார்.

"எண்ணிப் பாருங்கோ," என்றேன்.

"நீங்கள் எண்ணியிருப்பியள்."

பஸ் கட்டணம் ஒரு வழிக்கு முந்நூற்றுப் பத்து. போக இரண்டு, வர இரண்டு, நாலு பயணத்துக்கு ஆயிரத்து இருநூற்று நாற்பது. கேட்காததைச் சொன்ன கணக்கு, எல்லாம் சேர்த்து, ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபா.